தலைவருக்கு ஒரு அடி பின்னால் நின்றவர்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் அடித்தது. செல்வராசுவின் எண். எங்கள் முப்பது வருடப் பழக்கத்தில் அவர் காலையில் கூப்பிட்டால் ஒரே காரணம்தான். "என்ன செல்வம், எத்தனை மூட்டை?" என்றேன். பேசியது அவர் மனைவி ராஜேஸ்வரி. "மூட்டை இல்லண்ணே. அவரு போயிட்டாரு. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அவ்வளவுதான்." சாவுச் செய்தி சொல்ல வந்தவரிடம் மூட்டை விசாரித்தவன் நான். அந்தக் கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நம் கடைவீதிக்காரர்களுக்குச் செல்வராசுவைத் தெரியும். தெரியாதவர்களுக்காக அந்த மூட்டையை விளக்கிவிடுகிறேன். எனக்குப் பெரிய கடைவீதியில் துண்டு, வேட்டி, பொன்னாடை வியாபாரம். பஸ் ஸ்டாண்டில் தோளில் துண்டுகளை அடுக்கிக்கொண்டு விற்றவன், படிப்படியாகக் கடைக்கு வந்தேன். மேடையில் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவதை எல்லோரும் பார்க்கிறீர்கள். போர்த்திய பொன்னாடை அடுத்த நொடி எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தலைவர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவார். அங்கே ஒருவர் நிற்பார். வாங்குவார், நான்காக மடிப்பார், கக்கத்தில் வைப்பார், அடுத்ததற்குத் தயாராவார். கூட்டம் முடிந்ததும் அத்தனையும் மூட்டையாகி என் கடைக்கு வரும். இஸ்திரி போட்டு, புதுக் கவருக்குள் வைத்து, அடுத்த கூட்டத்துக்கு விற்பேன். தப்பு என்றால் தப்புதான். ஒரே பொன்னாடை ஒரே தலைவரின் தோளில் மூன்று முறை ஏறியதைப் பார்த்திருக்கிறேன். தலைவருக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னால் நின்ற செல்வராசுவுக்குத் தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

உப்பிலியபுரத்துக்காரர். விவசாயக் குடும்பம். கட்சிக் கொடி பிடிக்க ஊரைவிட்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் ராஜேஸ்வரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அப்போது கவுன்சிலராக இருந்த ஒருவருக்குப் பின்னால் போய் நின்றவர், கடைசிவரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கவுன்சிலர் மண்டலத் தலைவரானார். பிறகு எம்.பி. ஆனார். செல்வராசு மட்டும் அதே ஒரு அடி பின்னால். அந்தத் தலைவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. வழக்குக்குப் பயந்து அல்ல. எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும், அதனால்.

பொன்னாடை போர்த்துகிற சாக்கில் ஜனங்கள் தலைவர் கையில் மனுவைத் திணிப்பார்கள். தலைவர் இரண்டையும் சேர்த்தே பின்னால் தள்ளுவார். ஆரம்பத்தில் அந்த மனுக்கள் மடித்த துணிக்குள்ளேயே என் கடைக்கு வந்துவிடும். உதறினால் விழும். விதவைப் பென்ஷன், பட்டா, குடிதண்ணீர்க் குழாய். நான் குப்பைக் கூடையில் போட்டேன். ஒருநாள் அதைச் செல்வராசு பார்த்துவிட்டார். கூடையைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாக நீவி எடுத்தார். "அண்ணே, துணி உங்களுது. காகிதம் என்னுது. அதுல கை வைக்காதீங்க" என்றார். அன்று முதல் வாரம் ஒருமுறை என் கடையில் உட்கார்ந்து மனுக்களைப் பிரிப்பார். கார்ப்பரேஷனுக்கு ஒரு கட்டு, கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு கட்டு, டெல்லிக்கு ஒரு கட்டு. முதல் இரண்டையும் சைக்கிளில் எடுத்துக்கொண்டு அவரே போவார். டெல்லிக் கட்டு மட்டும் அப்படியே கிடக்கும். சைக்கிள் அவ்வளவு தூரம் போகாதே.

அந்தக் கட்டில் முதல் காகிதம் அவருடைய சொந்தக் காகிதம். அவர் வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட். ராஜேஸ்வரிக்குப் பூ வியாபாரம். விடிவதற்குள் பூவோடு போய்ச் சேரவேண்டும். கேட் மூடிவிட்டால் எல்லோரும் செய்வதுபோலக் குனிந்து உள்ளே நுழைவார். ஒருநாள் தலையில் கூடையோடு ஜல்லியில் கால் இடறி, தண்டவாளத்தின் மேலேயே விழுந்தார். யாரோ இழுத்துப் போட்டதால் உயிர் தப்பியது. இடுப்பு எலும்பு தப்பவில்லை. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். கேட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வேண்டும், அது ஒன்றுதான் செல்வராசுவின் கோரிக்கை. கட்சியில் தனக்கென்று அவர் வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

தலைவர் எம்.பி. சீட்டுக்கு அலைந்த காலத்தில் தென்னூர் டீக்கடையில் வைத்துச் செல்வராசுவிடம் கேட்டேன்.

"ஏன்யா, இவனுக்கு இங்கிலீஷும் வராது, இந்தியும் வராது. உள்ளூர்ல ராஜா மாதிரி இருக்கான். டெல்லியில போய் என்ன பண்ணப்போறான்?"

"உள்ளூர்லயா ராஜா? நீங்க வேறண்ணே. போன வாரம் தலைவரு சட்டைகூடப் போடல, அதுக்குள்ள ஒரு அம்மா வாசல்ல வந்து நின்னு சாக்கடைத் தண்ணிய பாட்டில்ல புடிச்சுக் காட்டுது. 'குடிச்சுப் பாருங்க'ங்குது. கவுன்சிலர்னா எவனும் வந்து கதவைத் தட்டுவான். எம்.எல்.ஏ.ன்னா காதுகுத்துக்குக் கூப்பிட்டுக் கேப்பான். எம்.பி.ன்னா? 'டெல்லியில இருக்காரு.' ஒரே வார்த்தை. முடிஞ்சுபோச்சு."

"அதுக்காகவா இத்தனை பாடு?"

"மந்திரி ஆவலாம்னு ஒரு ஆசை இருக்கு. பையன் ஆரம்பிக்கிற காலேஜுக்கு அனுமதி வாங்கணும். இங்க இருக்கிற எதிர்க்கோஷ்டிக்காரன் முன்னாடி ஒரு படி ஏறி நிக்கணும். அதெல்லாம் இருக்கு. ஆனா ருசி என்னன்னா, தூரம்தான்."

நான் வியாபாரி. கடை போடுகிறவன் ஜனங்கள் வந்து போகிற இடமாகத் தேடுவான். ஜனங்கள் வரமுடியாத இடமாகத் தேடிக் கடை போடுகிற ஒரே தொழில் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. வாயில் இருந்த டீ கசந்தது. "இது தெரிஞ்சும் நீ இவனுக்கு ஓட்டுக் கேட்டுப் போறியா?" என்றேன். செல்வராசு கிளாஸைக் கீழே வைத்தார். "ரயிலு டெல்லிக்காரன் கையில இருக்கு. நம்ம ஆளு ஒருத்தன் அங்க போய்த்தானே ஆகணும்? அவரு எதுக்கு வேணா போகட்டும். நான் கேட்டுக்காக அனுப்புறேன்."

அனுப்பினார். அந்தத் தேர்தலில் அவர் நடந்த நடைக்குச் செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது. தலைவர் ஜெயித்தார்.

ஜெயித்த பிறகு செல்வராசு நம் ஊர் ரயில்வே அலுவலகத்துக்கே போய் விசாரித்திருக்கிறார். "எம்.பி. லெட்டர் ஒண்ணு இருந்தா ஃபைல் நகரும்" என்றார்களாம். ஒரே ஒரு கடிதம். தலைவரின் லெட்டர்ஹெட்டிலேயே டைப் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு நீட்டினார். "டெல்லி சமாசாரம் எல்லாம் டெல்லியிலதான்யா. அங்க அனுப்பு, பாத்து வைக்கிறேன்" என்றார் தலைவர். செல்வராசு என் கடைக்கு வந்து, நல்லதாக ஒரு அரக்குநிறப் பொன்னாடையைக் கேட்டு வாங்கினார். டெல்லிக் கட்டு மனுக்கள் முழுவதையும், மேலே அந்தக் கடிதத்தையும் வைத்து மூட்டையாகக் கட்டினார். அவர் ஊரில் பருத்தி மூட்டைக்குப் போடுகிற முடிச்சு, நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகியது. தலைவரின் பெட்டியோடு அதுவும் விமானம் ஏறியது. "அண்ணே, என் முடிச்சு பார்லிமென்ட்டுக்குப் போகுது" என்று சிரித்தார்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். டெல்லி வீட்டில் சேர்ந்த துணிகள் என்று டிரைவர் ஒருவர் நாலு மூட்டையை நேராக என் கடையில் இறக்கிவிட்டுப் போனார். மூன்றைப் பிரித்தேன். நாலாவது அரக்குநிறம். நுனி உள்ளே செருகிய முடிச்சு. நான் கை வைக்கவில்லை. செல்வராசுவுக்குப் போன் பண்ணினேன்.

வந்தார். மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க அவுத்துக் கட்டினீங்களாண்ணே?"

"இல்ல செல்வம்."

"அங்க யாராவது…"

"உன் முடிச்சு வேற யாருக்கு வரும்?"

உட்கார்ந்து பொறுமையாக அவிழ்த்தார். மனுக்கள் வைத்த வரிசையிலேயே இருந்தன. மேலே அந்தக் கடிதம், மடிப்புக்கூடக் கலையாமல். படிக்கவில்லை என்றால் மன்னிக்கலாம். பிரிக்கவே இல்லை. துணி என்று நினைத்து விற்க அனுப்பிவிட்டார்கள். பதினைந்து இருபது பஞ்சாயத்துக்காரர்கள் கண்ணீரோடு எழுதிய காகிதம் டெல்லியைப் பார்த்துவிட்டு, பழைய துணியாக என் கடைக்கு வந்திருக்கிறது. அன்று நான் அந்தத் தலைவரைத் திட்டிய திட்டை இங்கே அச்சில் போட முடியாது.

செல்வராசு திட்டவில்லை. கடிதத்தை மட்டும் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுபடியும் தலைவரிடம் நீட்டினார். இந்தமுறை கிடைத்த பதில்: "எலெக்‌ஷன் கிட்டத்துல குடுப்போம்யா. இப்பக் குடுத்தா எவன் ஞாபகம் வச்சிருப்பான்?" இதைச் சொன்னது நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மனிதர். தண்டவாளத்தில் ராஜேஸ்வரி விழுந்தது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்.

அன்றைக்கு நான் செல்வராசுவோடு சண்டை போட்டேன். "இன்னமும் இவன் பின்னாடி நிக்கிறியே, வெக்கமா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் விலகினா வேற ஒருத்தன் நிப்பான். அவன் காகிதத்தைக் குப்பையில போடுவான். நீங்க போட்ட மாதிரி" என்றார். இருந்தாலும், உண்மையைச் சொல்லவேண்டும். அவர் சொன்ன நியாயம் எனக்கு அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. இப்படிப்பட்ட நல்லவர்கள் பின்னால் நிற்பதால்தான் முன்னால் நிற்பவன் நல்லவன்போலத் தெரிகிறான். இதை அவர் இருக்கும்போதே அவரிடம் சொன்னேன். "இருக்கலாம்ணே" என்று மட்டும் சொன்னார்.

இறுதி ஊர்வலம் கிளம்பும் முன் தலைவர் வந்தார். அடுத்த தேர்தல் நெருங்குகிறது, டெல்லி சீட்டுக்கு அவருக்கே நாலைந்து போட்டி. அதனால் வரத்தான் செய்வார். கூடவே கேமராக்கள். மாலை வைத்தார், கண்ணைத் துடைத்தார். "என் நிழலை இழந்துவிட்டேன். நான் மீண்டும் டெல்லி செல்லவேண்டும் என்பதே தம்பியின் கடைசி ஆசை" என்று மைக்கில் சொன்னார்.

அப்போது ராஜேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். கையில் அந்தப் பிளாஸ்டிக் கவர். "சார், அவரு சட்டைப்பையில இருந்துச்சு. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சார்."

"பாத்துக்கலாம்மா, தைரியமா இருங்க" என்றார் தலைவர். கவரை வாங்கினார். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

பின்னால் யாரும் இல்லை. வாங்குகிறவர் முன்னால் படுத்திருந்தார்.

கவர் தரையில் விழுந்தது. தலைவருக்கு அது தெரியக்கூட இல்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். ராஜேஸ்வரியும் பார்த்தார்.

நான் குனிந்து எடுத்தேன். துக்க வீட்டில் வியாபார புத்தி கூடாது என்பார்கள். எனக்கு அன்று அது ஒன்றுதான் கைகொடுத்தது. மைக் இன்னும் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. உரக்கச் சொன்னேன்: "செல்வராசுவோட கடைசி ஆசை இந்தக் காகிதம்தாங்க. கேட்டுக்குச் சுரங்கப்பாதை. தலைவர் இப்பவே, இங்கயே கையெழுத்துப் போடறாரு." கடிதத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்து, அவர் கையில் கொடுத்தேன். கேமராக்கள் திரும்பின. ஒரு நொடி என்னை முறைத்தார். பிறகு போட்டார். ஒரு வரி படிக்கவில்லை. நாலு வருடம் ஒரு மனிதனின் நெஞ்சுப் பையில் கிடந்த காகிதத்துக்கு மூன்று நொடி.

திங்கட்கிழமை நானும் ராஜேஸ்வரியும் அந்தக் கடிதத்தை ரயில்வே அலுவலகத்தில் நேரில் கொடுத்து, சீல் வைத்த ரசீது வாங்கியிருக்கிறோம். பாதை வருமா என்று தெரியாது. மாதம் ஒருமுறை போய்க் கேட்பதாக இருக்கிறோம். நம் வியாபாரிகள் சங்கத்தில் யார் கூட வந்தாலும் நல்லது. இனிமேல் என் கடையில் மூட்டை இறக்குவதில்லை. செல்வராசுவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த அரக்குநிறப் பொன்னாடையும், துணியை உதறுமுன் உள்ளே காகிதம் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும்.

வைத்துக்கொள்ள விரும்பாத ஒன்றும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு முடித்ததும், தலைவர் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் என் பேனாவைப் பின்னால் நீட்டினார். அது கீழே விழவில்லை. எப்போது அங்கே போய் நின்றேன் என்று எனக்கே தெரியாது, நான்தான் வாங்கினேன்.