செத்தால் எழுந்துவிட வேண்டும்

சேக் மைதீனின் செல்போன் கடைக்குப் பின்னறையில் ஒரு டிவி, ஒரு கேம் பெட்டி, கால் ஆடாத ஒரே ஒரு நாற்காலி. ஆட வருகிறவர்களோ ஐந்தாறு பேர். அதனால் தொடக்கத்திலேயே அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆட்டத்தில் செத்தால் எழுந்துவிட வேண்டும், அடுத்தவர் உட்கார வேண்டும். நியாயமான சட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், இசக்கிச்செல்வியைத் தவிர.

இசக்கிச்செல்வி பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவள். தண்ணீர் தெளித்த மல்லியைத் தராசில் வைத்துவிட்டுச் சத்தியம் செய்கிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டிக் குரல் தடித்துப்போனவள். மத்தியானத்தோடு வேலை முடியும். ஊருக்குப் போகிற திருவேங்கடம் பஸ் சாயங்காலம்தான். ஒருநாள் போன் கண்ணாடியை மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது பின்னறையை எட்டிப் பார்த்தாள். நாமே ஓர் ஆளை உண்டாக்கி, பெயர் வைத்து, ஊர் ஊராக நடத்திக்கொண்டு போகிற ஆட்டம் அது. எதிர்ப்படுகிறவர்களிடம் பேசலாம், சண்டையும் போடலாம். மறுநாளே வந்து, வில்லுக்காரி ஒருத்தியை உண்டாக்கி, மாடத்தி என்று பெயர் வைத்தாள்.

மற்றவர்கள், திரையில் பேச்சு வந்ததும் பொத்தானை அமுக்கித் தள்ளிவிட்டுச் சண்டைக்கு ஓடுவார்கள். இவள் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். புரியாததைப் போனில் தமிழாக்கிக்கொள்வாள். அப்படிப் படித்துப் படித்து ஒரு பாலம் வரை வந்துவிட்டாள். பாலத்தின் நடுவில் ஒரு பூதம். அது கொடுப்பது இரண்டே அடி. மாடத்தி விழுவாள், இசக்கிச்செல்வி எழுவாள். பொங்கலுக்கு முன்பிருந்து இதே கதை. அக்கரையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் ஆட்டத்தைச் செய்தவர்கள் ஒரு அப்டேட் அனுப்பினார்கள். ‘ஸ்டோரி மோடு’ வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். அதில் அடிபட்டு விழுந்தாலும் துணைக்கு வருகிறவன் தூக்கி நிறுத்துவான், சாவே கிடையாது. உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வசைபாடிக்கொண்டிருப்பதை செல்வக்குமார் போனில் காட்டினான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அந்த அறையில் முதல் ஆட்டக்காரன். அவன் எந்தக் கட்சி என்று கேட்கவே வேண்டாம்.

“அடி வாங்கி வாங்கித்தான் அது எப்ப கையை ஓங்கும்னு கத்துக்கிட்டேன். அந்தப் பயம் இல்லாட்டா அது பாலமே இல்லக்கா, ரோடு.”

“ரோடுன்னாலும் நடக்கதுக்குத்தானலே?” என்றாள் இசக்கிச்செல்வி. தன் முறை வந்ததும் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க ஸ்டோரி மோடைப் போட்டாள்.

பூதம் அடித்தது. மாடத்தி விழுந்தாள். துணைக்காரன் ஓடிவந்து தூக்கினான். மறுபடி அடி, மறுபடி தூக்கு. பின்னால் முணுமுணுப்பு ஏறியது.

“யக்கா, எந்திரிங்க. எத்தனை தடவ விழுந்தாச்சு!”

“விழுந்தா எந்திரிக்கணும்னு எவன் சொன்னான்? செத்தாத்தான். நான் சாகல.”

“பாய், கேளுங்க நியாயத்தை! இப்படிப் போனா இவங்க ராத்திரி வரைக்கும் சாகவே மாட்டாங்க.”

சேக் மைதீன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “ஏம்மா, விட்டுக்கொடேன்.”

“இத்தனை மாசமா ஒங்க சட்டத்துக்கு நான் எந்திரிச்சேன்லா பாய்? வாய் தொறந்தனா? இப்ப அதே சட்டம் என்னைய உக்காரச் சொல்லுது. ஒங்க சட்டத்தை நீங்க மாத்துங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

அவர் தாடியைச் சொறிந்தார். “சரி, இனிமே செத்தாலும் பொழச்சாலும் ஆளுக்கு அரைமணி நேரம். இப்ப இருந்து.”

“அநியாயம்!” என்று கத்தினான் செல்வக்குமார். அவன் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் சாகாதவன்.

“அதான், நீ இத்தனை நாள் எங்களை நிக்க வச்சது மட்டும் நியாயமாக்கும்,” என்றாள் திரும்பாமலே.

இருபத்துச் சொச்சம் தடவை விழுந்து, பூதத்தை ஆற்றில் தள்ளி, மாடத்தி பாலத்தைக் கடந்தாள்.

“இதெல்லாம் தாண்டினதாக்கா?” என்றான் செல்வக்குமார்.

“அங்கன நிக்கது யாரு, நீயா? நான்தான் நிக்கேன்.”

அக்கரையில் ஒரு சந்தை. உப்பு விற்கிறவன், கழுதைக்காரி, ஊரைவிட்டு ஓடிவந்த ஒரு கணக்குப்பிள்ளை. ஒவ்வொருவரிடமும் போய் நின்று, சொன்னதையெல்லாம் வாய்விட்டுப் படித்தாள். செல்வக்குமார் அந்தச் சந்தையை எத்தனையோ தரம் ஓடிக் கடந்தவன். சுவரில் சாய்ந்து போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கழுதைக்காரி தன் புருஷனைப் பற்றிப் பாதி சொல்லிக்கொண்டிருக்கையில் அரைமணி முடிந்தது. இசக்கிச்செல்வி ஆட்டத்தை அந்த இடத்திலேயே சேமித்துவிட்டு, அந்த நாற்காலியிலிருந்து முதல் தடவையாகச் சாகாமல் எழுந்தாள்.

“உக்காருலே,” என்றாள். “எம் மாடத்தி அங்கன பேசிக்கிட்டு நிக்கா. கைய கிய வச்சிராத.”