கரண்டு அண்ணாச்சி வரைந்த ஒரே முகம்

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் பேச்சிராஜ் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கரண்டு அண்ணாச்சி என்று கேட்டால் வாசலில் கட்டிக் கிடக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்து, வெள்ளை அட்டையில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, நின்றபடியே ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற மனிதர். அவர் படம் வரைவார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள். நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு கோளாறு என்கிற தொனியில்தான் சொல்வார்கள்.

கோளாறு என்னவென்றால், அவர் நிலத்தை மட்டும்தான் வரைவார். அதையும் நிலத்தின் நிறத்தில் வரைய மாட்டார். கரிசல் ஊதாவாக இருக்கும், வானம் பச்சையாக இருக்கும், ஓடை ரத்தச் சிவப்பில் ஓடும். தூரிகை கீரிகை கிடையாது. சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டால் பெயிண்டை அள்ளி, பிளைவுட் பலகையில் அப்பி, ஒரே இழுப்பாக இழுப்பார். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு சம்சாரி தன் பருத்திக் காட்டை அப்படிப் பார்த்துவிட்டு, "எம் புஞ்சைக்குத் தீ வச்சிட்டீகளா அண்ணாச்சி" என்று கேட்டது ரொம்ப நாள் டீக்கடைப் பேச்சாக ஓடியது.

சிரிக்காத ஆளும் ஒருத்தர் உண்டு. இளையரசனேந்தல் பக்கம், உளுந்து பூவெடுக்கிற நேரத்தில் மழை ஏமாற்றிய வருஷம். ரீடிங் எடுக்கப் போன பேச்சிராஜ் அந்தக் காட்டைப் பார்த்து வைத்து, அடுத்த முறை போகும்போது பலகையை பைக்கில் கட்டிக் கொண்டுபோய்க் காட்டினார். முழுக்க ஊதாவும் சிவப்புமாக, ஒரு இலை கிடையாது. காட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது எங்காடுதான்" என்றார். பேச்சிராஜ் தன் வாழ்நாளில் வாங்கிய பெரிய விருது அதுதான்.

பிறகு மதுரையில் சின்னதாகக் கண்காட்சிக்கூடம் நடத்துகிற ஜாய்ஸ் என்ற அம்மா எப்படியோ கேள்விப்பட்டு வந்து, நான்கு பலகைகளைக் கொண்டுபோனார். இந்த மாதிரி வரைவதற்கு எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர், கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு மனசுக்குப் பட்டதை வரைவது என்று அவர்தான் விளக்கினார். பேச்சிராஜ் வீட்டுக்கு வந்து மனைவி கோமதித்தாயிடம் சொன்னபோது, "இதுக்கு ஒரு பேரும் வச்சிருக்காகளா" என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். கல்யாணமான நாளிலிருந்து புருஷனுக்கு என்ன கோளாறு என்று தெரியாமல் இருந்தவளுக்கு அன்றைக்குத்தான் நிம்மதி.

அவளுக்கு அவரிடம் ஒரே ஒரு குறைதான். தன்னை ஒரு தடவை வரைய வேண்டும் என்று கல்யாணமான வருஷமே கேட்டாள். அவர் மழுப்பினார். மகள் அனு பிறந்த பிறகு கேட்டாள், வீடு கட்டிக் குடிபுகுந்தபோது கேட்டாள், ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு எதிரே நின்று கேட்டாள். அவர் எப்போதும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். முகம் என்றால் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் வருத்தம் வரும், நிலம் கோபித்துக்கொள்ளாது. உண்மை அது மட்டும் இல்லை. மனசுக்குப் பட்டதைத்தான் கை வரையும் என்பது அவருக்குத் தெரியும். பெண்டாட்டி முகத்தில் அது என்ன நிறத்தில் வந்து நிற்குமோ என்று மனிதருக்குப் பயம். இருபத்தாறு வருஷம் அந்தப் பயத்தைப் பத்திரமாகக் கட்டிக் காத்தார்.

போன ஆவணியில் கோமதித்தாய்க்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதுகுவலி என்றாள். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையத்தில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, அதிகம் போனால் ஆறு மாதம் என்றார்கள். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் சொன்னார்கள். நம் பக்கத்தில் அதுதானே வழக்கம். நோய் இன்னதென்று சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், ஆட்டோக்காரன் எல்லோருக்கும் தெரியும். நோயாளிக்கு மட்டும் தெரியாது.

அவளுடைய அண்ணன் முத்துக்கிருஷ்ணன் எதையும் முன்னால் நின்று நடத்துகிற ஆள். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லோரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். வயிற்றில் புண், மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும், அவ்வளவுதான். தெரிந்தால் அந்தக் கவலையிலேயே பாதி போய்விடுவாள் என்றார். ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது வசதியாகப் போயிற்று, அவள் எட்டாவது வரைதான். பார்க்க வருகிறவர்கள் கூட்டமாக வந்தால் சந்தேகம் வரும் என்று ஆளுக்கொரு நாள் குறித்து, ஆளுக்கொரு சாக்கும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். ஒருத்தர் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார், ஒருத்தர் பழைய எவர்சில்வர் தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கோயம்புத்தூரில் இருந்த அனுவுக்கு அப்போது நான்காம் மாதம். அவளுக்கும் உண்மை சொல்லப்பட்டது. போனில் அம்மாவிடம் சிரித்துப் பேசிவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

பேச்சிராஜும் சத்தியம் செய்தார். ஒரு மாதம் அதைக் காப்பாற்றினார். வாயால் காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டும்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவருக்குள் ஒரு மாதமாக ஒன்றே ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக ஒருத்தி கேட்டதைச் செய்யாமல் விட்டோமே, இனி எப்போது என்பதுதான் அது. பின்வாசல் கதவைத் திறந்து வைத்து, வெளிச்சம் விழுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு, புதுப் பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்தார். அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டு, வந்து உட்கார், உன்னை வரையப் போகிறேன் என்றார். அவளைச் சந்தோஷப்படுத்தப் போகிறோம் என்று அந்த மனிதர் நினைத்தார். இன்று வரைக்கும் அவரால் தன்னை மன்னிக்க முடியாமல் இருப்பது இதற்காகத்தான்.

கோமதித்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். உள்ளே போய் அரக்கு நிறச் சேலையை மாற்றிக்கொண்டு, தலையில் கொஞ்சம் பூவும் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் தகட்டில் பெயிண்டை எடுத்து நெற்றியைத் தொடங்கினார். கால்மணி நேரம் போயிருக்கும்.

"எத்தன மாசம்னு சொன்னாக?" என்று கேட்டாள். வெந்நீர் போடவா என்று கேட்கிற குரல்தான்.

அவர் என்னது என்றார்.

"இருவத்தாறு வருசமா நான் கேட்டேன். ஒரு நாளும் அசையல. இன்னிக்கு நீங்களாக் கூப்பிட்டு உக்காரச் சொல்லுதீக. வேற என்னவா இருக்கும்?"

தகடு கையில் இருந்தது. முத்துக்கிருஷ்ணன் ஊருக்கெல்லாம் சாக்கு சொல்லிக்கொடுத்தவர், இதற்கு ஒன்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார். பேச்சிராஜ் உடைந்துபோய், "ஆறு" என்றார்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று ஒவ்வொன்றாக மடக்கினாள். "தை உண்டும்லா?" என்றாள். அவர் தலையசைத்தார். அப்படியானால் பேரப்பிள்ளையைப் பார்த்துவிடலாம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள். அவர் பெயிண்டுக் கையோடு அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அரக்குச் சேலையெல்லாம் பச்சையாகிவிட்டது.

அழுது முடித்ததும் அவள் அவரிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். தனக்குத் தெரியும் என்பது அனுவுக்குத் தெரியக்கூடாது. வயிற்றுப் பிள்ளைக்காரி, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்கிற தைரியத்தில்தான் நடமாடுகிறாள், அதையும் பிடுங்கிவிடக் கூடாது. அண்ணனுக்கும் தெரிய வேண்டாம், பாவம், அவ்வளவு பாடுபட்டு நடத்துகிறான். இதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்து, வரையுங்கள் என்றாள்.

பதினோரு காலைகள் வரைந்தார். நெற்றி செம்மண்ணாக வந்தது. கண்ணுக்குக் கீழே பச்சை வந்து விழுந்தது, வேண்டாம் என்று வழித்தெடுத்தால் மறுபடியும் வந்து விழுந்தது. கன்னம் உழுது போட்ட கரிசலாக வரி வரியாக இருந்தது. அந்தக் கண்கள் மட்டும் அவர் வரைந்த மாதிரியே இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, தெரியாதவள் மாதிரி எதிரே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை வரைந்ததில்லை.

கடைசி நாள் கோமதித்தாய் எழுந்து வந்து வெகுநேரம் பார்த்தாள். "நாந்தான்" என்றாள். ஒத்துப்போகவில்லை என்று வருத்தப்படவே இல்லை. பிறகு சொன்னாள்: "இத ஒருத்தருக்கும் காட்டாதீக. பாத்தா தெரிஞ்சிரும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது போல ஒரு நாடகம் நான் கேள்விப்பட்டதில்லை. வளைகாப்பு முடிந்து அனு பிறந்த வீட்டுக்கு வந்தாள். மகள் அம்மாவிடம் மறைத்துச் சிரிப்பாள், அம்மா மகளிடம் மறைத்துச் சிரிப்பாள். இந்தப் புண் ஆறட்டும், கோயம்புத்தூருக்கு வந்து மூன்று மாதம் பிள்ளைக்கு நான்தான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவேன் என்று கோமதித்தாய் சொல்ல, ஆமாம்மா, நீ வந்துதான் ஆகணும் என்று அனு சொல்வாள். பேச்சிராஜ் இரண்டையும் கேட்டுக்கொண்டு நிற்பார். நிற்க முடியாதபோது ரீடிங் எடுக்கப் போகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனார்.

தை பிறந்து இருபதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. கோமதித்தாய் அதை மடியில் வைத்திருந்தது பத்தொன்பது நாள். கடைசி நாளில் அனு காதருகே குனிந்து, அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் அம்மா என்றாள். அவள் சரி மக்கா என்றாள். அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். வளைகாப்பில் போனில் எடுத்த படத்திலிருந்து கோமதித்தாயை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவரின் தோள் பாதி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். முத்துக்கிருஷ்ணன் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். திரும்பிப் பார்த்தால் சுவர் முழுக்கப் புஞ்சையும் பொட்டலும். அவருக்குத் தாங்கவில்லை.

"ஊரு காடெல்லாம் வரைஞ்சீரு மாப்ள," என்றார், வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும். "எந்தங்கச்சிக்குன்னு ஒரு படம் போட ஒமக்கு மனசு வரல பாத்தீரா."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பேச்சு நடந்த இடத்திலிருந்து நான்கு எட்டு வைத்தால் உள் அறை. அங்கே காட்டுப் பலகைகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி அவள் முகம் இருந்தது. பேச்சிராஜ் தலையைக் குனிந்துகொண்டு, பந்தியில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் போய்விட்டார்.

சாயங்காலம் உறவெல்லாம் கிளம்பிய பிறகு, அனு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மாமா ஏதோ வருத்தத்தில் சொல்லிவிட்டார், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். அம்மா படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசி வரைக்கும் அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சுல்லப்பா. புண்ணுதான், ஆறிரும்னு நெனச்சிக்கிட்டே போயிட்டா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

பேச்சிராஜ் பேத்தியைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

"ஆமா மக்கா," என்றார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."