ஆறாம் நம்பர் ஷூ

பேச்சியம்மாள் அக்காவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். புருஷன் மாடசாமியோடு பிழைக்க வந்து, போச்சம்பள்ளியில் நான் வேலை செய்யும் கம்பெனியிலேயே சேர்ந்தார். சூப்பர்வைசரையே கிண்டல் செய்வார். எனக்குப் பேச வராது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாள் முழுக்க நின்று வேலை செய்யும் லைனை விட்டுப் பாத்ரூம் போக மாற்று ஆள் வர வேண்டும்; வருவது அபூர்வம். அதனால் நாங்கள் யாரும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. கால் வலித்தால் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக்கொள்வோம். அக்கா தினமும் போட்டார்.

போன வருடம், வேலையில் போடக் கம்பெனி கொடுத்த ஷூ அவருக்குக் கடித்தது. ஸ்டோரில் சண்டை போட்டு ஆறாம் நம்பரை ஏழாக மாற்றினார். கொஞ்ச நாளில் ஏழும் கடித்தது.

"எட்டு கேக்கறீங்களேக்கா, கால் இன்னும் வளருதா?" என்றார் ஸ்டோர்காரர் ஆஞ்சப்பன்.

"சின்னதாத் தச்சு வச்சுக்கிட்டு என் காலக் குத்தம் சொல்லுதீரு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் உட்காருவேன். காலையில் கண்ணுக்குக் கீழே உப்பியிருக்கும். மெட்டி சதையில் புதைந்திருந்தது. மதியம் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிடுவார். ஊத்தங்கரையில் என் மாமாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. இப்போது டயாலிசிஸில் இருக்கிறார்.

மறுநாள் பஸ்ஸில் வாயைத் திறந்தேன்.

"அக்கா, ஒன்னுக்குப் போனா நுரையா வருதுங்களா?"

"ஏளா, வாயே தொறக்க மாட்ட, தொறந்தா இதையா கேப்ப?" சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "சோப்புத் தண்ணி மாதிரி நிக்குது. சூடுன்னு நெனச்சேன்."

அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. இருவரும் அதையே பார்த்தோம்.

"ஷூ சின்னது இல்லக்கா, கால்ல நீர் கோத்திருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வரேன்."

கம்பெனி கேட்டுக்குள் நுழையாமல் கிருஷ்ணகிரி பஸ் ஏறினோம். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. கிட்னி கொஞ்சம் கெட்டுவிட்டது, ஆனால் டயாலிசிஸ் வரை போகவில்லை, நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். கிட்னியைக் கெடுக்கும் என்று வலி மாத்திரையை நிறுத்தி, உப்பைக் குறைத்து, பிரஷருக்கு மருந்து கொடுத்தார். விடாமல் சாப்பிட்டார் அக்கா.

வேலைக்குத் திரும்பிய அன்று சூப்பர்வைசரிடம் போய், "பிள்ளைக ஒன்னுக்கு அடக்கிட்டு நிக்கக் கூடாது, மாத்து ஆளப் போடும்" என்றார். மாற்று ஆள் வந்தார். இப்போது எங்கள் லைனில் எல்லோர் பக்கத்திலும் தண்ணீர் பாட்டில் இருக்கிறது.

வீக்கம் முழுதாக வற்றியதும் ஸ்டோருக்குப் போனார்.

"ஆறாம் நம்பர் குடும்."

"கால் சின்னதாயிடுச்சாக்கா?"

"வளந்தது காலு இல்ல ஓய், நோவு. அதப் பாதியிலேயே மடக்கிட்டோம்லா!"

லேஸை இறுக்கிக் கட்டி, தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.