இடுப்புக் கயிற்றில் கட்டிய டேக்

மைசூரில் நான் ஏணி போடாத பெரிய ஆஸ்பத்திரி குறைவு. அங்கெல்லாம் என் முகம் யாருக்கும் தெரியாது. கூரைப் பலகையை நகர்த்தி, கேபிள் இழுத்து, தட்டு மாதிரி இருக்கும் ரீடரை மாட்டுவது என் வேலை. நோயாளியின் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதற்குள் டேக் என்கிற சின்னச் சில்லு இருக்கும். அவர் ரீடருக்கு அடியில் நடந்தால், எங்கே இருக்கிறார் என்று நர்ஸ் மேஜைத் திரையில் தெரியும். கீழே போகிறவர்கள் என் பாதத்தைப் பார்த்துவிட்டு ஏணியைச் சுற்றிக்கொண்டு போவார்கள். எனக்கும் அது சௌகரியம்தான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது.

நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கிலீஷ் எழுத்துகளை உருவம் பார்த்துச் சொல்வேன். ரீடரின் ஸ்டிக்கரில் உள்ள எழுத்தையும் எண்ணையும் நான் போனில் வாசிக்க, பெங்களூரில் இருக்கும் இன்ஜினியர் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார். பல நாட்களில் நான் பேசுவது அவ்வளவுதான். பிறகு பஸ் பிடித்து தேவராஜ மொஹல்லாவில் என் மாடி அறைக்குப் போவேன். கீழே மார்க்கெட்டில் ஊரே கத்திக்கொண்டிருக்கும். மேலே நான் சோறு வடிப்பேன்.

போன மழைக்காலத்தில், ஞாபகம் தப்பிய முதியவர்களுக்கான வார்டு ஒன்றில் வேலை. அங்கே கோபிநத்தத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஊருக்கு பஸ் ஏற வேண்டும் என்று பக்கவாட்டுக் கதவு வழியாக அடிக்கடி கிளம்பிவிடுவார். ஒருமுறை நடுரோடு வரைக்கும் போய்விட்டார். அதிலிருந்து, பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் அவர் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டிவைத்தார்கள்.

"எங்களுக்கு மட்டும் ஆசையாண்ணா?" என்றார் வார்டு சிஸ்டர், கன்னடத்தில். "அவர் கதவைத் தாண்டும்போது தவறாம மணி அடிக்கட்டும். டாக்டர் ஒருதரம் கண்ணால பார்த்துட்டா அந்தத் துணியை எடுத்துடலாம்."

நான் கதவுக்கு மேலே துளை போட்டுக்கொண்டிருந்தபோது பெரியவர் கட்டிலிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, நீ எந்தூரு?"

"ஹனூருங்க."

"அட, நம்ம பக்கம்! கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லீங்க."

"ஏன், பொண்ணு கிடைக்கலையா? நீ கேக்கவே இல்லையா?"

"கேக்கலைங்க."

"சோறு வேணும்னாவது வாயைத் தொறப்பியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் நான் ஏணியில் ஏறியதும் மறுபடியும், "தம்பி, நீ எந்தூரு?" முந்தின நாள் பேசியது அவர் ஞாபகத்தில் தங்கவில்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை. முதல் நாள் சொல்ல வராததை அன்று கொஞ்சம் கூடுதலாகச் சொன்னேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அப்பா டிராக்டர் ஓட்டியதைச் சொன்னேன். பெண் பார்க்கப் போன இடத்தில் தலை நிமிராமல் காபி குடித்துவிட்டு வந்ததைச் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தப்பாகச் சொன்னால் நாளைக்குத் திருத்திச் சொல்லலாம் என்ற தைரியம். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஆனால் கதவு வேலைதான் முடியவில்லை. கையில் கட்டிய பட்டையைப் பெரியவர் பல்லால் அவிழ்த்து, அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். "கையில இருந்தா களவு போயிரும். முக்கியமான சாமான் இடுப்புலதான் இருக்கோணும்" என்பார். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை சாவியை முடிகிற இடம் அதுதான். என் அறைச் சாவியும் அங்கேதான். நான் என்ன சொல்வது? ஆனால் டேக் உடம்போடு ஒட்டிக்கிடந்தால், உடம்பில் இருக்கும் தண்ணீரே அலையை மறைத்துவிடும். கூரையிலிருக்கும் ரீடருக்கு அவர் இல்லாத ஆள்.

இன்ஜினியர் ரீடரின் பவரைக் கூட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்களின் டேக்கையும் அது பிடித்து, விடாமல் மணி அடித்தது. சிஸ்டர் தாங்க முடியாமல் சத்தத்தை அணைத்துவிட்டார். குறைத்தால் பெரியவர் தெரியவில்லை. கூட்டுவதும் குறைப்பதுமாகவே நாட்கள் போயின. அவர் கைகள் கட்டிலிலேயே இருந்தன. துணி பட்ட இடம் வெளுத்திருந்தது. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு ஊர்க்கதை சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தரை துடைக்கும் ஆயாம்மா ஒருநாள் ஏணியை அண்ணாந்து பார்த்தாள். "அவர் இடுப்புல வச்சிருக்கார், நீ உச்சியில தேடறே. மேல இருக்கற சாமிக்கா காட்டப்போறே?"

இதை இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இறக்கிப் பாருங்கண்ணா" என்றார். கதவுச் சட்டத்தின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் சின்ன ஆன்டெனா வைத்தேன். இன்ஜினியர் பவரை மிகக் குறைத்துவிட்டார்.

டாக்டர் வந்தார். பெரியவரின் கட்டை அவிழ்த்து உட்காரவைத்தார்கள்; அவர் டேக் வழக்கம்போல அரைஞாணில்தான் இருந்தது. கடைசிச் சோதனையில் மாட்டியவனே டேக்கோடு கதவைத் தாண்ட வேண்டும், அது எங்கள் வழக்கம். எனக்கென்று வைத்திருந்த சோதனை டேக்கை என் அரைஞாண் கயிற்றில் முடிந்து, சட்டையை இறக்கிவிட்டு நடந்தேன். மணி அடித்தது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஓடறான், பிடிங்க!" என்றாள் ஆயாம்மா.

சிஸ்டர் மணியை நிறுத்தியதும் பெரியவர் எழுந்து வந்துவிட்டார். கதவைத் தாண்டி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்போது இரண்டாவது தடவை மணி அடித்தது. திரையைப் பார்த்த சிஸ்டர், "அவருடையதுதான் சார்!" என்று கத்தினார்.

"அந்தத் துணியை எடுத்துடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். ஆயாம்மா அதைக் கட்டிலிலிருந்து உருவி என் தோளில் போட்டாள். "ஏணி துடைக்க வச்சுக்கோப்பா."

மதியமே நான் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி வந்துவிட்டதாகப் போன் வந்தது.

பெரியவர் இன்னும் கையை விடவில்லை. "எங்க போற? பஸ்ஸெல்லாம் போயிருச்சு. உள்ள வா." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஆமா, நீ எந்தூரு தம்பி?"

"டெஸ்ட் முடிஞ்சுதாண்ணா?" என்று உள்ளேயிருந்து சிஸ்டர் கேட்டார்.

"முடிஞ்சுதுங்க" என்றேன். கையை இழுத்துக்கொள்ளாமல், ஹனூரிலிருந்து ஆரம்பித்தேன்.