எல்லாம் பச்சையாக இருந்தது

பக்கவாதம் வந்த பிறகு என் வலது கால் தாமதமாகத்தான் சொன்னபடி கேட்டது. மனசு மட்டும் முன்னைவிட வேகமாக ஓடியது. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில், எங்கள் அபார்ட்மெண்ட் ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருக்க, அது காலையில் பார்க்கிங் லாட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் ஓடியது. ரயில் ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அடுத்த காரைப் பிடித்துக்கொண்டது.

வேலையை நான் விடவில்லை. உடலில் ஏதோ ஒன்று இயங்காமல் போனவர்களுக்காக எங்கள் சின்னக் குழு ஒரு செயலி செய்துகொண்டிருந்தது. அது வியாதியின் பெயரைக் கேட்காது. உங்கள் நாள் எப்படிப் போகிறது, எது முடிகிறது, எது சிரமம் என்று கேட்கும். பதில்கள், சிரமம் என்றால் சிவப்பாகவும் இல்லையென்றால் பச்சையாகவும், சிகிச்சை மையத்துக்குப் போகும். சிவப்பு விழுந்த இடத்தில் அவர்கள் பயிற்சியைத் தொடங்குவார்கள், பச்சையைத் தாண்டிப் போய்விடுவார்கள். தமிழ்க் கேள்விகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. இடது கை விரல்களால் தட்டித் தட்டி எழுதினேன்.

தெரிந்த தமிழ்க் குடும்பங்களிடம் கொடுத்துப் பார்த்தோம். வந்த பதில்கள் அத்தனையும் பச்சை, மழைக்குப் பிந்தைய புல்வெளி மாதிரி. எழுந்து நிற்க முடியாதவருக்குக் குளிப்பதில் சிரமம் இல்லை. ஸ்பூன் பிடிக்க முடியாதவருக்குச் சாப்பிடுவதில் சிரமம் இல்லை. இன்ஜினியர்கள் புரோகிராமில் தப்பு தேடினார்கள். நான் சுகர் லேண்ட் என்ற ஊரில் இருக்கும் ஓர் அங்கிளுக்கு போன் போட்டேன். பையன் தினமும் குளிப்பாட்டி விடுகிறானே, அப்புறம் என்ன சிரமம் என்று அவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். சிரமம் என்று அழுத்தினால் பையன் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றாகிவிடும். நம் வீடுகளில் அந்த பட்டனை யார் அழுத்துவார்கள்?

இதைச் சொல்லிச் சிரிக்கத்தான் எங்கள் குழுவின் பிசியோதெரபிஸ்டை வீடியோவில் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவள், சுற்றி வளைக்கத் தெரியாதவள். அவள் சிரிக்கவில்லை. செயலியில் என் பதில்கள் இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினாள். நானும் சோதனைக்காகப் பதில் கொடுத்திருந்தேன். கொடுத்தது நான்கூட இல்லை, கணவர். கட்டைவிரல் தடுமாறுவதைப் பார்த்து போனை வாங்கியவர், சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் போட்டு முடித்திருந்தார். வெளியே போய்வருவதில் சிரமம்? இல்லை.

"எல்லாம் பச்சையாத்தான் இருக்கு அக்கா. ஆனா இதில நீங்கள் எங்க இருக்கிறியள்?"

கடைக்கு, கோயிலுக்கு, டாக்டரிடம், எங்கே என்றாலும் அவர்தான் ஓட்டினார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்த அன்புக்குள் நான் வசதியாக உட்கார்ந்திருந்தேன், பெல்ட் போட்டு, பக்கத்து சீட்டில். எனக்கு வேண்டியிருந்தது ஓட்டுகிற சீட். அதை இதுவரை வாயால் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன், பதிலை மாற்றப்போகிறேன், மறுபடி நானே கார் ஓட்டப்போகிறேன் என்று.

அவர் அடுப்பை அணைத்தார். "எங்கயாவது கூட்டிட்டுப் போகாம இருந்திருக்கேனா?"

"இல்ல. ஒரு குறையும் வைக்கல."

"அப்புறம்? ரூட் ஒன் ஹைவேல லாரிங்க எப்படி வருது தெரியும்ல?"

"தெரியும். வருஷக்கணக்கா அதுலதான் ஆபீஸ் போனேன்."

வெகுநேரம் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, முதுகைக் காட்டியபடியே, "ஓட்டறப்போ மறுபடியும் வந்துச்சுன்னா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னிடமும் இருந்தது. ஒவ்வொரு காரின் பின்னாலும் அதுவும் சேர்ந்தே ஓடியது.

"அதை டாக்டர் சொல்லட்டும். அவங்க டெஸ்ட் பண்ணி வேணாம்னா பக்கத்து சீட்லயே உட்கார்ந்துடறேன். நீங்க பயப்படறீங்கன்னு உட்கார மாட்டேன்."

அவர் எதிரிலேயே போனை எடுத்துச் சிவப்பை அழுத்தினேன். விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினேன்.

செயலியையும் விடவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டாக உடைத்தேன்: ஆள் துணையோடு எப்படி, துணை இல்லாமல் எப்படி. அதற்குக் கீழே இன்னொன்று: இதை நீங்களே செய்ய ஆசையா? வீட்டார் பதில் சொன்னால் அது அவர்கள் பதிலாகவே தனியே நிற்கும். மேனேஜர் நீளம் என்றார், ஜனங்கள் பாதியில் மூடிவிடுவார்கள் என்றார். செயலியைத் திறந்ததும் வரும் வரவேற்புப் படங்களை வெட்டுங்கள், கேள்வியை வெட்டாதீர்கள் என்றேன். கூட்டத்துக்குக் கூட்டம் அதையே சொன்னேன், அவர் சலித்து ஒப்புக்கொள்ளும்வரை. சுகர் லேண்ட் அங்கிளுக்குத் தானாகக் குளிக்கும் ஆசை இல்லையாம். ஷேவ் மட்டும் தன் கையால் பண்ணிக்கொள்ள வேண்டுமாம்.

சிகிச்சை மையம் என் சிவப்பிலிருந்து தொடங்கியது. கண், கவனம், கால் எடுக்கும் வேகம் எல்லாவற்றையும் சோதித்தார்கள். டாக்டர் யோசித்து யோசித்துக் கையெழுத்துப் போட்டார். பயிற்சிக்காரின் ஆக்சிலரேட்டர் இடது காலுக்கு மாற்றப்பட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலியாகக் கிடந்த ஆபீஸ் பார்க்கிங் லாட்டில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். என்னை அங்கே கொண்டுவந்து விட்டவர் கணவர்தான். கார் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"நான் பின்னாடி உட்காரட்டுமா? பேசமாட்டேன்."

"வேணாங்க. அந்த மரத்துக்கிட்ட நில்லுங்க."

போய் நின்றார், கைகளைக் கட்டிக்கொண்டு. முதல் நகர்வில் கார் துள்ளி நின்றது. அவர் ஓரடி முன்னால் வைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பயிற்சியாளர், போதுமா, இன்னொரு முறையா என்று கேட்டார். இன்னொரு முறை என்றேன். கணவர் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். நான் பிரேக்கை விட்டேன்.