பசை போட்ட கப்பல்

கண்ணுங்களா, நம் வீட்டில் எது உடைந்தாலும் ஆணி அடிப்பேன், கம்பி சுற்றுவேன். பசை மட்டும் வாங்க மாட்டேன். ஏன் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குக் குமட்டும், அதனால்தான்.

பெரியவளே, அப்போது நீ நான்காவது படித்தாய், தம்பி கைக்குழந்தை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாமா வீட்டுக் கொலுவுக்கு நான்தான் வருஷா வருஷம் சீரியல் பல்பு கட்டுவேன். காலாண்டு லீவு என்று உன்னையும் கூட்டிப்போனேன். கொலுவுக்குப் புதுசாக ஏதாவது அனுப்பு என்று அவர் கேட்டதற்கு, அமெரிக்காவிலிருந்து மகன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். நட்சத்திரங்களுக்கு நடுவே சண்டை போடுகிற அந்த இங்கிலீஷ் படத்தில் வரும் விண்வெளிக் கப்பல். அட்டைமேல் படத்தில்தான் கப்பல், உள்ளே பை பையாக, ஒன்றோடு ஒன்று மாட்டுகிற சாம்பல் நிற பிளாஸ்டிக் கட்டைகள். உடைந்து வந்துவிட்டது என்று மாமி வருத்தப்பட்டார்.

கூட இருந்த புத்தகத்தில் எழுத்தே இல்லை, படம்தான். அதை விரித்துத் தரையில் உட்கார்ந்தாய். நான் கடைசிப் படிக்குப் பல்பு கட்டி முடிப்பதற்குள் கப்பல் எழுந்து நின்றது. இதைப் பிரித்தால் பஸ் செய்யலாம் என்று மாமாவிடம் சொன்னாய். அவர் சிரித்தார்.

"கொலு முடியட்டும். பிரிச்சு உனக்கு என்ன வேணுமோ பண்ணிக்கோ."

அதற்குப் பிறகு வீட்டில் பஸ் பேச்சுதான். படிக்கட்டு எங்கே, கண்டக்டர் சீட்டு எங்கே, ஜன்னல் எத்தனை. சோறு ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே யோசிப்பாய்.

விஜயதசமி முடிந்து பல்பு கழற்றப் போனோம். மாமி பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நீ நேராகக் கப்பலிடம் போனாய். நகத்தை விட்டு நெம்பினாய்.

"நைனா, இன்னா இது, வரமாட்டுது."

வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் பசை வழிந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. அதில் ஒரு தலைமுடி, ஒரு சுண்டல் தோல், செத்த எறும்பு. அழுகின மீன் மாதிரி ஒரு வாடை.

"வர்றவா குழந்தைகள் பிச்சுடுவாளோன்னு ஒட்டிட்டேன்" என்றார் மாமா. "கொலுவுல வெச்சாச்சுன்னா அது பொம்மை. பொம்மையைப் பிரிப்பாளோ?"

"பொம்மை இல்ல மாமா, கட்டை. பிரிக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க" என்றாய் நீ.

அவர், வேண்டுமானால் அப்படியே எடுத்துப் போகட்டும் என்று மாமியிடம் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை, பிள்ளைகளா. பக்தியாகத்தான் ஒட்டியிருக்கிறார், ஒரு கட்டை விடாமல். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. குழந்தையிடம் கொடுத்த வாக்கு நினைவில் இருக்கும்போதே உட்கார்ந்து ஒட்டியிருக்கிறாரே.

நீ அதை மறுபடி தொடவில்லை. வெளியே போய் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான்தான் டூல்ஸ் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் நீ பஸ்ஸைப் பற்றிப் பேசவே இல்லை.

மறுநாள் நம் எலக்ட்ரிக் கடையை முழுசாகத் திறக்காமல், ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். சக்கரத்துக்காவது நாலு கட்டை தேறுமா என்று பிளேடால் கீறினேன். கட்டை பிளந்தது, பசை விடவில்லை. எல்லாவற்றையும் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து, மண்ணெண்ணெய் ஊற்றி விரல் விரலாகக் கையைத் தேய்த்துக் கழுவினேன்.