இடது கைப் பெருவிரல்

சமூகப்பணி முதுகலை கடைசி ஆண்டில், பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஆய்வு செய்தேன். ஏற்கெனவே ஒரு தவணை தவறிவிட்டது. மறுநாள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் படிப்பே போய்விடும். ஒரே ஒரு படிவம் குறைந்தது. அழாத குறையாக விருதுநகரிலிருந்து அச்சங்குளத்துக்குக் கிளம்பினேன்.

அந்தப் பகலில் ஊரில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர் ஒரே ஓர் அக்காதான். கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் தலை நிமிராமல் எழுதினேன்.

பதில் சொன்னவரின் கையெழுத்தோ இடது கைப் பெருவிரல் ரேகையோ இருந்தால்தான் படிவம் செல்லும். இங்க் பேடைத் திறந்து நீட்டினேன். பட்டாசு மருந்து ஒட்டிய கையில் ரேகை சரியாக விழாது. அதனால் எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்.

"கையக் கழுவிட்டு வாங்கக்கா."

அவர் முந்தானையை விலக்கினார். இரண்டு கைகளிலும் விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

"ரேகை இல்லாட்டி எடுத்துக்கிட மாட்டாகளா?"

"மாட்டாங்கக்கா. நாளைக்குக் கடைசி நாள்." அப்போதும் என் வாயில் அதுதான் வந்தது. கூடவே அழுகையும்.

"அதுக்கு ஏன் தாயி அழுவுறீக?" என்று வலது காலை நீட்டினார். "இந்தப் பெருவிரல வச்சுக்கிடுங்க. கண்டுபுடிக்கவா போறாக?"

வைத்துக்கொண்டேன்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. பட்டமும் வாங்கிவிட்டேன். அந்தக் கைகளுக்கு என்ன ஆனது என்று மட்டும் நான் கேட்கவே இல்லை. என் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.